கும்பல் தண்டனையும் மக்கள் நீதியும்

(கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கொடிய குற்றவாளியை மக்களே தண்டித்துவிட்டால் அதனைத் தவறென்று சொல்லலாமா? இளம் தோழர்கள் அடிக்கடி எழுப்பும் வினா இது. சட்டத்தைக் கையில் எடுக்கலாகாது என்று ஒரு வரியில் விடையளித்து நகர்ந்துவிட முடியாது. சட்டத்தின் கதவைப் பன்முறை தட்டியும் திறக்கப்பெறாதவர்களுக்கு அவ்விடை போதாது.

நாக்பூரின் கஸ்தூர்பா நகரை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் தலித் உழைப்பாளி மக்கள் வாழும் குடிசைப் பகுதி அது. அக்கு யாதவ் என்ற ரவுடி பத்தாண்டுகளுக்கும் மேலாக அப்பகுதியை நடுங்க வைத்திருந்தான். பலமுறை கைதானான், பலமுறை வெளியே வந்தான். புகாரளிக்கச் சென்றபோது காவலர்கள் இழிவுபடுத்தினர் என்றும், புகாரளித்தது யாரென்று அவனுக்கே சொல்லப்பட்டது என்றும் பெண்கள் கூறினர். 2004 ஆகஸ்ட் 13 அன்று, மாவட்ட நீதிமன்றத்திற்குள்ளேயே, மிளகாய்ப்பொடியும் கத்தியும் ஏந்திய பெண்கள் அவனைக் கொன்றனர். எங்கள் அனைவரையும் கைது செய்யுங்கள் என்று அப்பகுதிப் பெண்கள் திரண்டு நின்றனர். சான்று போதாமையால் 2014இல் வழக்கு விடுதலையில் முடிந்தது.

இப்பெண்களைத் தூற்ற நமக்கு உரிமையில்லை. அவர்களை அந்நிலைக்குத் தள்ளியது அரசு எந்திரம். ஆயினும் அச்செயலை வழிமுறையாக நாம் ஏற்க இயலாது. அவனுக்குத் துணைநின்றவர் யார், புகார்களை முடக்கியவர் யார் என்பதெல்லாம் விசாரணையில் வெளிவந்திருக்க வேண்டும். அவ்விசாரணைக்கே இடமில்லாமற் போயிற்று. தப்பித்தவர்கள் அதிகாரத்தில் இருந்தவர்களே.

இரண்டாவது காரணம் இன்னும் கடுமையானது. விசாரணையற்ற தண்டனையை நாம் நியாயப்படுத்தினால், அதனை முதலில் கைக்கொள்வது அரசின் ஆயுதப்பிரிவுதான். 1979–80இல் பீகாரின் பாகல்பூரில் முப்பதுக்கும் மேற்பட்ட கைதிகளின் கண்களைக் காவலர்கள் குத்தி, அமிலம் ஊற்றிக் குருடாக்கினர். குற்றம் ஒழிந்தது என்று காவலர்களை ஆதரித்து ஊர்வலம் போனவர்களும் உண்டு.

2019 நவம்பரில் ஐதராபாத் அருகே இளம் கால்நடை மருத்துவர் ஒருவர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். கைதான நால்வரும் டிசம்பர் 6 அன்று சுட்டுக்கொல்லப்பட்டனர். காவலர்கள்மீது மலர் தூவப்பட்டது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையமோ, கொல்லும் நோக்குடன் வேண்டுமென்றே சுட்டனர் என்று கண்டது. காவல்துறையினர் பத்துப் பேர்மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. இறந்தவர்களில் மூவர் சிறார் என்றும் கூறியது. அப்பெண் காணாமற்போன இரவில் புகாரைப் பதிவு செய்யத் தாமதித்ததற்காகக் காவலர் மூவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். துப்பாக்கி வெடித்த பின் அத்தாமதத்தைப் பற்றிக் கேட்பார் இல்லை.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் செய்த பிழையும் இதுவே: பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஆராயாமல் கோவலனைக் கொல்வித்தான். கண்ணகியோ சிலம்பைச் சான்றாக ஏந்தி அவைக்கு வந்து வழக்குரைத்தாள்.

வர்க்கச் சார்புள்ள நீதிமன்றங்களை நாம் எதற்குக் காக்க வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கலாம். நீதிமன்றத்தின் வர்க்கத் தன்மையை நாம் மறக்கவில்லை. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை ஆளும் வர்க்கம் அளித்த கொடையன்று. மீரட் சதி வழக்கில் கூண்டில் நின்றவர்கள் நம் முன்னோடிகள். அக்கூண்டையே அவர்கள் பிரச்சார மேடையாக்கினர். பாகல்பூர் வழக்கில்தான், ஏழைக் கைதிக்கு இலவச சட்ட உதவி அரசின் கடமை என்று 1981இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. விசாரணையின்றிச் சுடப்படும் பட்டியலில் முதலாளிகளின் பெயர்கள் வருவதில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

எனவே நம் கிளைகளுக்குத் திட்டமான வேலை இருக்கிறது. புகாரளிக்கும் பெண்ணோடு காவல் நிலையத்துக்குச் செல்ல வேண்டும். எல்லையைக் காட்டிப் புகாரைத் திருப்ப இன்றைய சட்டம் இடமளிக்கவில்லை. பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு, நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை கடுங்காவல் உண்டு. இதனை ஒவ்வொரு தோழரும் அறிந்திருக்க வேண்டும். சாட்சிகளைப் பாதுகாத்தல், பிணை மனு வரும் நாளில் பகுதி மக்களைத் திரட்டி நீதிமன்றத்தில் இருத்தல், தீர்ப்பு வரும்வரை அக்குடும்பத்தைக் கைவிடாமை ஆகியவையும் நம் பொறுப்பே.

கஸ்தூர்பா நகர்ப் பெண்களிடம் துணிவு இருந்தது, ஒற்றுமையும் இருந்தது. பத்தாண்டுகளாக அவர்களோடு நின்றிருக்க வேண்டிய அமைப்பு இல்லை. இன்று அத்தகைய பகுதி ஒவ்வொன்றிலும் நம் கிளை இருக்கிறதா என்பதை அடுத்த கூட்டத்தில் பரிசீலியுங்கள், தோழர்களே.