கட்டை பிடித்த கையில் காமிரா



வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவில் தென்காசியிலிருந்து கடையநல்லூர் வழியாகப் புளியங்குடிக்குப் பிரயாணம் செய்கிறவர், பஸ்ஸின் ஜன்னலோரத்தில் கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாலும், எந்தெந்த ஊர்க் கோயிலில் கொடைவிழா நடக்கிறதென்பதைக் காதாலேயே கணக்கெடுத்துவிடலாம். ஓர் ஊரில் நையாண்டி மேளத்தின் தவிலும் பம்பையும் முழங்கும்; வேறோர் ஊரில் சுடலைமாடன் சந்நிதியிலே கணியான் கூத்தின் மகுடம் அதிரும்; இன்னோர் ஊரில் மணிகள் கட்டிய வில்லின்மேல் வீசுகோல் விழும் கலகலப்பும், அதற்கு அடியிலே மண்குடத்தின் 'கும்' என்ற நாதமும் சேர்ந்து எழும். அந்த மூன்றாவது ஊரில் இறங்கிக்கொள்ளும்படி உங்களை இப்போது அழைக்கிறேன். அங்கே வில்லுப்பாட்டுக் குழுவோடு புதிதாக வந்து ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞரைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடையநல்லூர்ப் பக்கத்து இளைஞர்தான். கல்லூரியில் படம்பிடிக்கும் கலையைப் பயில்கிறார். நண்பர்களோடு கூடிக் கீபோர்டும் வாசிப்பார். படிப்பின் ஓர் அங்கமாக எங்கேனும் சில மாதம் 'இன்டர்ன்ஷிப்' செய்தாக வேண்டுமென்று விதி இருந்ததால், மற்றவர்கள் சென்னைக்கு ரயிலேற, இவர் மட்டும் உள்ளூர் வில்லிசைக் குழுவின் புலவரிடம் போய், கொடைகளையெல்லாம் படமெடுத்துத் தருவதாகக் கேட்டிருக்கிறார். புலவர் இவருடைய காமிராப் பையை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, மொதல்ல வந்து கட்டையப் பிடிச்சு உக்காரு." 

அந்த ஒரு வாக்கியத்தின் அருமை தெரிய வேண்டுமானால், குழு உட்காரும் ஒழுங்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். நடுவிலே வில், அதனோடு பிணைத்த குடம், வில்லுக்குப் பின்னே இரு கையிலும் வீசுகோலேந்திய புலவர். வலப்பக்கத்தில் இருப்பவர் வலத்தே பாடுகிறவர். இடப்பக்கத்தில் இருப்பவர் இடத்தே பாடுகிறவர். குடமடிப்பவர் ஒரு கையால் பாளைப் பத்தியைக் கொண்டு குடத்தின் வாயை அடித்து அந்தக் கனத்த ஒலியை வரவழைப்பார். உடுக்கை, தாளம், பின்னாளில் வந்து சேர்ந்த ஆர்மோனியம் ஆகியவற்றுக்கெல்லாம் கடைசியிலே, இரண்டு மரத்துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு ஒருவர் இருப்பார். அவர் கைக்குத்தான் கட்டை. அதைத் தட்டச் சங்கீத ஞானம் வேண்டாமென்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் புலவர் பாட்டிலிருந்து வசனத்துக்கும், வசனத்திலிருந்து விருத்தத்துக்கும், விருத்தத்திலிருந்து மறுபடி பாட்டுக்கும் தாவும் தறுவாயில் எங்கே நிறுத்துவது, எங்கே எடுப்பது என்பதை அவர் முதுகின் அசைவைக் கொண்டே ஊகித்தறிய வேண்டிய இடம் அது. காப்புப் பாடி, குருவடி வணங்கி, அவையடக்கம் சொல்லி, நாட்டுவளம் பாடிக் கதைக்குள் நுழைந்து, விடியற்காலம் வாழி பாடி முடிக்கும்வரை அந்தக் கவனம் தளரலாகாது.

கூட வாசித்துக் கற்பதென்பது நமக்குப் புதிய விஷயமன்று. காருகுறிச்சி அருணாசலம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பக்கத்தில் இரண்டாம் நாயனம் வாசித்தே தம் வித்தையை வளர்த்துக்கொண்டார். திருநெல்வேலிக்கு அருகே சத்திரம் புதுக்குளத்தில் 1928-இல் பிறந்த சுப்பு ஆறுமுகம், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனால் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அவர் அருகிலிருந்தே சபையைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் நுட்பத்தை அறிந்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருது வந்தபோதும், 2022-இல் மறைந்தபோதும், வில்லுப்பாட்டு என்றாலே அவர் பெயர்தான் தமிழர் நாவில் முதலில் எழுந்தது. நம் இளைஞருடைய விஷயத்தில் புதிது என்னவென்றால், கட்டையைத் தட்டக் கற்றதனால் அவருடைய படம் மாறியதுதான். இதுவே நான் சொல்ல வந்தது.

எப்படி மாறியது என்று சொல்கிறேன். வில் வைப்பது சாமியை நோக்கி. படமெடுக்க வருகிறவர்களோ சந்நிதிக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டு வில்லை நோக்கிக் காமிராவைத் திருப்புவார்கள். ஆகவே அவர்கள் படத்தில் புலவர் முகம் துல்லியமாகத் தெரியும். புலவர் யாரைப் பார்த்துப் பாடுகிறார் என்பது மட்டும் தெரியாது. வரத்துப் பாடும் நேரம் வருகிறது. தெய்வத்தின் பிறப்பையும் வரவையும் புலவர் பாடப் பாட, வீசுகோல் துரிதமாகி, குடமும் உடுக்கையும் அந்தத் துரிதத்தைப் பற்றிக்கொள்ள, அதுவரை ஓரமாகக் கைகட்டி நின்ற, சாமியாடியான கோமரத்தாடியின் உடலில் ஒரு நடுக்கம் ஏறுகிறது. இந்தச் சமயத்தில் காமிராக்காரர் என்ன செய்வார்? வில்லை விட்டுவிட்டு அலறியடித்துச் சாமியாடியின் முகத்துக்கு ஓடுவார். அவருக்கு ஒரு முகம் கிடைக்கும், கலை தவறிப்போகும். ஏனெனில் அந்த வேளையிலே புலவரின் கண் சாமியாடியின் பாதத்தில் பதிந்திருக்கிறது. அந்தக் கால் தளர்ந்தால் பாட்டு ஏறும், கால் நிலைகொண்டால் பாட்டு தணியும். இருவருக்கும் நடுவே ஓடுகிற அந்தக் கண்ணுக்குத் தெரியாத கயிறுதான் வில்லுப்பாட்டின் உயிர். கட்டைக்காரர் இடத்தில் ஆறேழு கொடை உட்கார்ந்து எழுந்த பிறகு, நம் இளைஞர் காமிராவைப் புலவருக்குப் பின்னே, தோளுக்குச் சற்று மேலே நிறுத்தினார். முன்னே வில்லின் வளைவு, அதற்கப்பால் ஆடுகிறவர், அதற்கும் அப்பால் தீபத்தின் ஒளியிலே அம்மன். அந்தப் படத்தில் புலவரின் முகம் பெரும்பாலும் தெரியவில்லையே என்று புலவர் வீட்டார் குறைப்பட்டுக்கொண்டதாகக் கேள்வி. எனக்கு அந்தக் குறை இல்லை.

தொழில் நுட்பத்திலும் சில விஷயங்கள் வேடிக்கையானவை. பழைய டிஜிட்டல் புகைப்படக் காமிராக்களில் பல, 29 நிமிஷம் 59 வினாடி ஓடியதும் பதிவைத் தாமே நிறுத்திக்கொள்ளும். முப்பது நிமிஷம் தொடர்ந்து பதியக் கூடிய கருவியை 'வீடியோ காமிரா'வாகக் கணக்கிட்டு ஐரோப்பாவில் கூடுதல் சுங்கம் விதித்ததே அதற்கு முக்கியக் காரணம். எங்கோ ஐரோப்பாவிலே போட்ட வரி, கடையநல்லூர்ப் பக்கத்துச் சாமி வரத்தை அந்தரத்தில் நிறுத்துகிறதென்றால் யார் நம்புவார்கள்! கட்டை பிடித்தவருக்கு வரத்து எப்போது தொடங்குமென்பது நாலு அடி முன்னமேயே தெரிந்துவிடுவதால், அவர் வசனம் நடக்கும்போதே பதிவை நிறுத்திப் புதிதாகத் தொடங்கிவிடுகிறார். மின்விளக்குக்கும் ஒரு தாளம் உண்டு. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. அதற்கு இசையாத வேகத்தில் காமிராவின் ஷட்டரை வைத்தால், கொடைப் பந்தலின் சீரியல் விளக்குகள் படத்தில் அலையலையாகத் துடிக்கும். அதை 50-இல் ஒரு பங்கு வினாடியாக வைத்தால் அடங்கிவிடும். தாளம் போட்டுப் பழகிய பிள்ளைக்கு இந்தக் கணக்கு ஒரு தரம் சொன்னாலே போதும்.

குடத்தின் ஒலியை மட்டும் சுலபமாகப் பிடிக்க முடிகிறதில்லை. பந்தலில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியும் சரி, கைபேசியின் ஒலிவாங்கியும் சரி, அந்தக் கீழ்நாதத்தை விழுங்கிவிட்டு மணியோசையைத்தான் திருப்பித் தரும். ஆகவே குடத்தின் பக்கத்திலேயே தனியாக ஒரு சிறு பதிவுக் கருவியை வைக்க வேண்டும். ஆடிக் கொடை என்றால் இன்னொரு கஷ்டம்: ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுக்கிறது, நமக்கோ ஒலிவாங்கியில் இரைச்சலைக் கொடுக்கிறது, உடுக்கையின் தோலும் ஈரத்தில் தொய்ந்து போகிறது. தோலைக் கனலில் காட்டிச் சூடேற்றுகிறவரும், ஒலிவாங்கிக்குக் கம்பளித் துணி சுற்றுகிறவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே காற்றைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

வானொலியில் இருந்துகொண்டு வீடியோவைக் குறைகூறுவது எனக்கு அழகன்று என்பதை அறிவேன். 1963-இல் திருநெல்வேலி வானொலி நிலையம் ஏற்பட்ட பின் வில்லுப்பாட்டு இந்தப் பக்கத்து வீடுகளுக்குள்ளெல்லாம் வந்தது உண்மை. விடிய விடியப் பாடும் கதை எங்கள் கடிகாரத்துக்கு அடங்க வேண்டியிருந்ததும் உண்மை. பேராசிரியர் நா. வானமாமலை 1970-களின் தொடக்கத்தில் முத்துப்பட்டன் கதை முதலியவற்றைப் பதிப்பித்து நமக்குச் சொல்லைக் காத்துக் கொடுத்தார். அதை எடுத்துப் படிக்கிறவனுக்கு மெட்டு கேட்காது. ஆயினும் அச்சும் வானொலியும் செய்யாத ஒரு தவறு இப்போது சகஜமாகிவிட்டது. ஆவேசம் வந்து தலைவிரித்தாடும் ஒரு பெண்ணை அரை நிமிஷத் துண்டாக வெட்டி, பரிகாசமான தலைப்பிட்டு, அவளுக்கே தெரியாமல் ஊருலகத்துக்குக் காட்டுகிறார்கள். அடுத்த கொடையில் அந்தப் பெண் கூட்டத்தின் ஓரத்தில்கூட வந்து நிற்பதில்லை. கட்டையோடு உட்கார்ந்தவனுக்கு அவள் அத்தையாகவோ மதினியாகவோ ஆகிவிடுகிறாள். அவன் கை அந்தத் துண்டை வெட்டக் கூசும்.

குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி., கவிதையைக் கண்ணால் படித்துவிட்டுப் போகிறவர்களோடு மன்றாடி, அதைக் காதால் கேட்கச் செய்தவர். அவர் நினைவு எனக்கு வரக் காரணம், இளைஞர் முதல் படத்தைப் புலவரிடம் காட்டிய விதந்தான். திண்ணையில் கணினியைத் திறந்து வைத்திருக்கிறார். புலவர் திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டிருக்கிறார். முடிந்ததும், "ரெண்டு எடத்துல பாட்டு அந்தலைக்கு முன்னயே வெட்டிட்ட, அதச் சரிபண்ணு" என்றாராம். இரண்டு இடமும் எவையென்று இளைஞருக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது.

கொடை முடிந்து, விடியற்காலையில் வில்லை அவிழ்த்து, மணிகளைத் துணியில் சுற்றிவிட்டுப் பங்கு பிரிப்பார்கள். புலவருக்கு இவ்வளவு, குடத்துக்கு இவ்வளவு, உடுக்கைக்கு இவ்வளவு என்று ஒரு சம்பிரதாயம் உண்டு. இளைஞருக்குக் கட்டைக்கான பங்கைக் கொடுத்தார்கள். காமிராவுக்கு என்ன பங்கென்று கேட்டதற்கு, அதற்குப் பழைய கணக்கு எதுவும் இல்லையே என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாளக்காரருக்குச் சமமாக ஒரு பங்கு கொடுக்கலாமென்பது என் கட்சி. குடமடிப்பவர் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. தம்முடைய ஒலி அந்தப் படத்தில் சரியாகக் கேட்கட்டும், பிறகு பேசலாம் என்கிறார்.