இரயிலுக்கென ஒதுக்கிய நிலம்

(மாத்தூரில் ஆற்றிய உரை)



வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது வெளிவட்டச் சாலை. நெமிலிச்சேரி வரையிலான முதற்பகுதி 2014-இல் திறக்கப்பட்டது. மறுபகுதி 2021-இல் மீஞ்சூரைத் தொட்டது. சரக்கு லாரிகள் நகருக்குள் புகாமலே துறைமுகம் நோக்கிச் செல்ல வழி பிறந்தது. வரவேற்கிறோம். சாலையே வேண்டாமென்று கூற நாம் மாட்டுவண்டிக் காலத்தில் உறங்குபவர்கள் அல்லர்!

ஆனால், அந்தச் சாலைக்கென எடுக்கப்பட்ட நிலத்தின் அகலம் என்ன? 122 மீட்டர்! அதில் 22 மீட்டர் இரயிலுக்கென்று திட்டத்திலேயே ஒதுக்கப்பட்டது. உழவர்கள் தம் வயலை இழந்தது லாரி போகும் வழிக்காக மட்டுமன்று. மக்களை ஏற்றிச் செல்லும் இரயிலுக்காகவும்தான். லாரி வந்துவிட்டது. இரயில் எங்கே?

மீஞ்சூரில் முடியும் சாலையைப் பற்றி மாத்தூரில் ஏன் பேச வேண்டும் என்பீர்கள். 1960-களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை மணலிக்கு வந்தது. வேலையும் அருகிலேயே இருந்தது. இன்றோ வேலை பூந்தமல்லிப் பக்கமும் வண்டலூர்ப் பக்கமும் பரவிவிட்டது. 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த இவ்வூருக்கு இரயில் நிலையம் இல்லை. திருவொற்றியூர் சென்று இரயிலேறினாலும், நகருக்குள் போய், வண்டி மாறி, மீண்டும் புறநகருக்கு வரவேண்டும். கார் வைத்திருப்பவருக்கு வட்டப்பாதை; கார் இல்லாதவருக்குச் சுற்றுப்பாதை! இதுவா நீதி?

இன்னும் அகலமான சாலை போடலாம் என்பார் சிலர். இலண்டனைச் சுற்றி எம்25 சாலையை 1986-இல் முடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே நெரிசல், அகலப்படுத்தினார்கள், மீண்டும் நெரிசல். சாலை அகல அகல, வண்டியும் பெருகிற்று.

இப்போது எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் வரை, ஏறத்தாழ 133 கிலோமீட்டருக்கு, எல்லைச் சாலை என்னும் அடுத்த வட்டம் ஐந்து பகுதிகளாகத் திட்டமிடப்பட்டுள்ளது. வளரட்டும்! ஆனால், முதல் வட்டத்தில் கொடுத்த வாக்கு நிறைவேறாமல் கிடக்க, இரண்டாம் வட்டம் வரைவது முறையாகுமா?

நாம் கேட்பவை மூன்று. இரயிலுக்கென ஒதுக்கிய நிலத்தில் வேறெதற்கும் இடம் தராதீர். இரயில் வரும்வரை, மாத்தூர், மணலி வழியாக வெளிவட்டச் சாலைக்குத் தொழிலாளர் நேரத்திற்கேற்பப் பேருந்துகளை விடுக. புதிய சாலையிலும் மக்கள் போக்குவரத்துக்கு முதலிலேயே இடம் வகுத்திடுக.

சலுகையன்று தோழர்களே, இது கணக்கு! எடுத்த நிலத்திற்குக் கணக்குக் கேட்கிறோம். கேட்டுக்கொண்டே இருப்போம்!