பிள்ளைக்கு இரத்தம் எங்கிருந்து வந்தது?



"தகப்பனுக்கு ஏ இரத்தம், தாய்க்கு பி இரத்தம், பிள்ளைக்கு மட்டும் ஓ எப்படி வந்தது?" என்று கேட்டு, கட்டிய மனைவியைச் சந்தேகிக்கின்ற ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்குத் தூபம் போடுகிற சுற்றத்தாருக்கும் குறைவில்லை. ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விளக்க ஆசைப்படுகின்றோம்.

மனித இரத்தத்தில் வகைகள் உண்டென்பதை 1901-ம் வருஷத்தில் வியன்னா நகரத்து லாண்ட்ஸ்டைனர் என்பவர் விளக்கி வெளியிட்டார். அவ்வகை பிள்ளைகளுக்கு எவ்விதம் இறங்குகிறது என்பதை, 1924-ல் ஜெர்மனியில் பெர்ன்ஸ்டைன் என்னும் கணித பண்டிதர் கணக்குப் போட்டுக் காட்டினார். கடவுள் எழுத்துமல்ல, ஜாதகமுமல்ல, வெறுங் கணக்கு.

ஒவ்வொருவரிடமும் இதற்குரிய வித்து இரண்டு உண்டு. தகப்பன் கொடுத்தது ஒன்று, தாய் கொடுத்தது ஒன்று. ஏ-யோடு ஓ சேர்ந்திருந்தால் ஓ வெளியே தெரியாது. பரீட்சை ஏ என்றே சொல்லும். பி-யோடு சேர்ந்தாலும் ஓ அப்படியே ஒளிந்துகொள்ளும். ஏ-யும் பி-யும் கூடினால் மாத்திரம் இரண்டும் தெரியும்; அதுவே ஏபி. அக்கிரகாரத்திலும் சேரியிலும் இதே நாலு வகைதான் என்பதையும் போகிற போக்கில் கவனியுங்கள்.

இப்போது சொல்லுங்கள்: தகப்பனிடம் ஒளிந்திருந்த ஓ-வும் தாயிடம் ஒளிந்திருந்த ஓ-வும் பிள்ளையிடம் வந்து சேர்ந்தால், அது ஓ ஆகாமல் வேறென்ன ஆகும்? அவ்விதத் தம்பதிகளுக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு அப்படி நேர இடமுண்டு. நாலு பிள்ளை பிறந்து நாலும் நாலு வகையாய் இருந்தாலும் அதிசயமில்லை. இதில் அந்த அம்மாள் செய்த குற்றமென்ன?

நிற்க, "இருவரும் ஓ, பிள்ளை ஏ, இதற்கென்ன சொல்கிறீர்?" என்று கேட்பீர்கள். சாதாரணமாய் அப்படிப் பிறக்காது. ஆனால் 1952-ல் பம்பாயில் ஓர் அபூர்வ வகையைக் கண்டுபிடித்தார்கள். ஏ, பி என்ற அடையாளம் உண்டாக இரத்தத்தில் ஓர் அடிப்பொருள் வேண்டும். சுவர் இருந்தால்தானே சித்திரம்? அப்பொருள் இல்லாதவரிடம் ஏ வித்து இருந்தும், சாதாரணப் பரீட்சையில் ஓ என்றே தோன்றும். அவர் பிள்ளைக்குச் சுவரைத் தாய் கொடுத்துவிட்டால், தகப்பனின் ஏ வெளியே வந்துவிடும்.

ஆகையால் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மனைவியைத் தெருவில் தள்ளப் புறப்படுகிறவர், தம்முடைய இரத்தத்தையே மறுபடி சோதிக்கக் கொடுக்கட்டும். அவர் அந்தப் பம்பாய் வகையாக இருந்து, நாளைக்கு ஒரு விபத்தில் சாதாரண ஓ இரத்தத்தை ஏற்றிவிட்டால், உயிருக்கே மோசம் வந்துவிடும்.