டிஃபென்ஸ் என்றால் ஒளிந்து கொள்வதல்ல

(நமது அறக்கட்டளை திருச்சியில் நடத்திய சட்ட விழிப்புணர்வு அமர்வில், சட்ட உதவிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

இன்று ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசப் போகிறோம். ஒரே வாரத்தில் இரண்டு பேர் எங்களிடம் வந்து இந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்டார்கள்.

முதலில் வந்தவர் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு தம்பி. "டிஃபென்ஸ் என்று எழுதும்போது கடைசியில் 'சி' வருமா, 'எஸ்' வருமா?" என்று கேட்டார். பிரிட்டிஷ் வழக்கில் 'சி', அமெரிக்க வழக்கில் 'எஸ்'. நம் நாட்டில் 'சி'தான். ஆனால் 'டிஃபென்சிவ்' என்று வரும்போது இரண்டு நாட்டிலும் 'எஸ்'தான். தம்பி குறித்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு சகோதரி வந்தார். கையில் கோர்ட்டு சம்மன். அதில் அவர் பெயருக்குக் கீழே 'டிஃபென்டன்ட்' என்று அச்சிட்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ அதைப் படித்துவிட்டு, "உங்களைக் குற்றவாளியாகப் போட்டிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டார்கள். மூன்று நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சொந்தக்காரர் ஒருவர் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். அது பணம் சம்பந்தப்பட்ட சிவில் வழக்கு. அதில் குற்றமும் இல்லை, குற்றவாளியும் இல்லை. டிஃபென்டன்ட் என்றால் பிரதிவாதி. அதாவது, பதில் சொல்ல அழைக்கப்பட்டவர்.

தம்பிக்கு அந்தச் சொல்லால் ஒரு மதிப்பெண் போகும். சகோதரிக்கு வீடே போயிருக்கும். அதனால்தான் இந்தப் பேச்சு.

இந்தச் சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. வருகிற அடியைத் தட்டி விலக்குவது என்பதே அதன் மூலப் பொருள். 'டிஃபென்ஸ்' என்பதன் முன்பகுதி தேய்ந்து 'ஃபென்ஸ்' ஆனது, அதுதான் வேலி. வாள்வீச்சு விளையாட்டை 'ஃபென்சிங்' என்பதும் அதனால்தான். சென்னையின் பவானி தேவி இந்தியாவிலிருந்து ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட முதல் வாள்வீச்சு வீராங்கனையாக ஆனாரே, அதே விளையாட்டு. வாள்வீச்சில் ஓடி ஒளிபவர் யாரும் இல்லை. எதிரில் நின்றுதான் அடியைத் தட்ட வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரே பாதுகாப்புச் சொற்களின் ஊர். தினமும் பஸ் ஏறுகிற மெயின்கார்டு கேட், பழைய திருச்சிக் கோட்டையின் எஞ்சி நிற்கும் வாசல். மேலபுலிவார்டு ரோடு, கீழபுலிவார்டு ரோடு என்கிறோம். அதில் புலியும் இல்லை, வார்டும் இல்லை. 'புலவார்ட்' என்ற சொல்லுக்கே மூலப் பொருள் கோட்டை அரண். ஐரோப்பாவில் அரணை இடித்த இடத்தில் போட்ட அகலச் சாலைகளுக்கு அந்தப் பெயர் வந்தது. திருச்சியிலும் 19ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்த பிறகு வந்த சாலைகள்தான் இவை. இன்றைக்கும் நவல்பட்டில் 1966இல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டு டிஃபென்ஸ் தொழில் வழித்தடத்தைத் தொடங்கி வைத்ததும் இதே திருச்சியில்தான்.

ஆனால் மதில் மட்டும் மனிதனைக் காப்பாற்றிவிடுமா? மெயின்கார்டு கேட்டில் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் இறங்குங்கள். ஏழு திருச்சுற்று மதில்கள் கொண்ட கோயில். 1751இல் ஆற்காட்டு நவாப் பதவிக்காக இரண்டு பேர் மோதினார்கள். திருச்சிக் கோட்டைக்குள் முஹம்மது அலி, அவருக்குத் துணை ஆங்கிலேயர். முற்றுகை போட்டவர் சந்தா சாஹிப், அவருக்குத் துணை பிரெஞ்சுக்காரர். அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழானது. பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கியது. சந்தா சாஹிப்பும் அங்கேயே சிக்கிக்கொண்டார். அத்தனை மதில் இருந்தும் பயனில்லை. உயிருக்கு ஆபத்து வராது என்ற வாக்குறுதியை நம்பி, தஞ்சாவூர்த் தளபதி மானோஜியிடம் சரணடைந்தார். 1752 ஜூன் மாதத்தில் அவருடைய தலை வெட்டப்பட்டது.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் இங்கே கூடவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சரணடைந்த அந்த மனிதரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் சார்பில் பேச ஒருவரும் இல்லை. பிடித்தவனின் வாக்குதான் சட்டம். அந்த வாக்கு பொய்த்தது, உயிர் போனது.

அந்த நிலை மாறியதுதான் நமது அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவு. கைது செய்யப்பட்ட யாருக்கும் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். அவர் விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்ளவும், அந்த வக்கீலால் 'டிஃபெண்ட்' செய்யப்படவும் அவருக்கு உரிமை உண்டு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். நாம் பேசிக்கொண்டிருக்கும் சொல் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. ஸ்ரீரங்கத்து மதிலைவிடப் பலமான மதில் அந்த ஒரு வரிதான்.

இனி, நம் தமிழில் இதற்கு என்ன சொல் வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். வக்கீல், வக்காலத்து. இரண்டும் அரபு மூலம் உடையவை. நவாப்களின் காலத்துப் பாரசீகக் கச்சேரி மொழி வழியாகத் தமிழுக்கு வந்தவை. அல்லாஹ்வின் திருநாமங்களில் ஒன்று 'அல்-வகீல்', பொறுப்பேற்றுக்கொள்பவன். ஜாமீன் என்றால் பொறுப்பு நிற்பவர். ஆஜர் என்பது 'ஹாளிர்', வந்து நிற்பது. வாய்தா என்பது 'வஅதா'. வருகிறேன் என்று கொடுக்கும் வாக்கு. கோர்ட்டு மொழி நமக்கு அந்நிய மொழி அல்ல, சகோதரிகளே. ஆனால் அதே தமிழில் "அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?" என்று குத்திக் காட்டவும் பழகிவிட்டோம். அங்கேதான் கோளாறு.

மஹல்லாவில் ஒரு வீட்டுப் பையனைப் போலீஸ் அழைத்துப் போகிறது. உடனே என்ன பேச்சு? "தப்புச் செய்தவனுக்கு எதற்கு வக்கீல்? ஜமாஅத் இதில் தலையிடக் கூடாது." பெற்றவள் வாசலுக்கே வர முடியாமல் உள்ளே உட்கார்ந்து விடுகிறாள். டிஃபென்ஸ் வக்கீல் என்பவர் "இவன் செய்தது சரி" என்று சொல்ல வருபவர் அல்லர். "செய்தான் என்றால் நிரூபியுங்கள், செய்த அளவுக்கு மட்டும் தண்டியுங்கள்" என்று கேட்க வருபவர். அலி (ரலி) அவர்களை நீதி வழங்க யமனுக்கு அனுப்பியபோது, ஒரு தரப்பைக் கேட்டது போலவே மறுதரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்றுதானே நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள்? மறுதரப்பு என்பதுதான் டிஃபென்ஸ். அதைக் கேட்கவிடாமல் செய்வது நம் வழியல்ல.

பணம் இல்லையே என்பது அடுத்த கவலை. 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஏழைக்கு இலவச வக்கீல் கிடைப்பது நியாயமான விசாரணையின் ஒரு பகுதி என்று சொன்னது. பீகார் சிறைகளில் விசாரணையே நடக்காமல் பல ஆண்டுகள் கிடந்தவர்களுக்காக வந்த வழக்கு அது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழிகாட்டுவார்கள். இது தர்மம் அல்ல, உரிமை. கேட்டு வாங்குங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. "செல்ஃப் டிஃபென்ஸ்" என்று சினிமாவில் கேட்டிருப்பீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. உரிமை உண்டு, அளவும் உண்டு. தப்பிக்கத் தேவையான அளவுக்கு மேல் அடிக்கக் கூடாது. போலீஸிடம் போக அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை. நேற்று அடித்தான் என்று இன்று ஆள் சேர்த்துக்கொண்டு போவது தற்காப்பு அல்ல, பழிவாங்கல். வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

இப்போது அந்தச் சகோதரியிடம் திரும்பி வருவோம். சம்மன் வருவதற்கு முன்பே ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்திருக்கிறது. "வாங்காதீர்கள், வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்" என்று கொழுந்தனார் திருப்பி அனுப்பிவிட்டார். நம் வீடுகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு இதுதான். சரியான முகவரிக்கு வந்த தபாலை வாங்க மறுத்தால், கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். கதவைச் சாத்துவது டிஃபென்ஸ் அல்ல. சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். காரணம் காட்டினால் 90 நாள் வரை கோர்ட்டு அவகாசம் தரலாம். போகாமலே இருந்தால் 'எக்ஸ்பார்ட்டி' தீர்ப்பு, அதாவது ஒருதலைத் தீர்ப்பு. அதை ரத்து செய்யக் கேட்கவும் 30 நாள்தான் கெடு.

அல்ஹம்துலில்லாஹ், அவர் நேரத்துக்குள் வந்தார். சொந்தக்காரர் கட்டிய தவணைகளில் பல கணக்கில் வரவில்லை. ரசீதுகள் எங்கே என்று கேட்டோம். பழைய பிஸ்கட் டின்னில் மடித்து வைத்திருந்தார். இலவச வக்கீல் அவற்றை வரிசைப்படுத்தி எதிருரையில் சேர்த்தார். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனது. கடன் மாயமாக மறையவில்லை. கட்டியது கழிந்தது, மீதிக்குத் தவணை கிடைத்தது, வீடு தப்பியது.

எல்லோருக்கும் இப்படி முடியவில்லை. இன்னொரு சகோதரர் வந்தபோது ஒருதலைத் தீர்ப்பு ஆகி, கெடுவும் தாண்டி, வீட்டு வாசலில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. அவரிடமும் ரசீதுகள் இருந்தன. அவற்றை வாங்கிப் பார்த்தோம். அவரிடம் சொல்ல எங்களுக்கு வார்த்தை வரவில்லை. ஆறு மாதம் முன்னால் வந்திருக்கலாமே என்பதை மட்டும் சொல்ல மனமில்லாமல் அடக்கிக்கொண்டோம். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு ஒன்று போட்டிருக்கிறோம். துஆச் செய்யுங்கள்.

ஆகவே நான்கு காரியம் கேட்டுக்கொள்கிறோம். ரிஜிஸ்டர் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். உறையின் மேல் தேதியை எழுதுங்கள். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். புரியாத காகிதம் எதுவானாலும் அதே வாரத்தில் ஒரு வக்கீலிடமோ, சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமோ, எங்களிடமோ கொண்டு வாருங்கள்.

அந்தத் தம்பியும் இங்கே உட்கார்ந்திருக்கிறார். தம்பி, தேர்வில் 'சி' போட்டு எழுதுங்கள். தெருவில் யாருக்காவது சம்மன் வந்தால், அவர் வீட்டுக்குப் போய் அதை நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். டிஃபென்ஸ் அங்கேதான் தொடங்குகிறது.

வஸ்ஸலாம்.