பல்லில் காரை படியாதிருக்க



தோட்டத்து லயங்களில் வாழ்ந்த காலத்தில், விடியுமுன் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் நாம் எதைக் கொண்டு பல் துலக்கினோம்? வேப்பங்குச்சி, உப்பு, அடுப்புக்கரி. ரப்பர்க்காட்டை விட்டுப் பத்து காஜாவில் குடியேறிய பின்னும், பெரியவர்கள் பலர் அப்பழக்கத்தை விடவில்லை. அவற்றில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது?

பல்லில் படியும் வழுவழுப்பான அழுக்கு, எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்தால் சில நாட்களிலேயே கல்லாக இறுகுகிறது. இதுவே காரை. கீழ் முன்பற்களின் உட்புறத்தில் இது மிகுதி. அழுக்கை அன்றன்றே நீக்கினால் காரைக்கு இடமில்லை.

வேப்பங்குச்சியை மென்று, நார் மெத்தென்றான பின் ஈறு நோகாமல் தேய்க்கலாம். வெதுவெதுப்பான உப்பு நீரால் வாய் கொப்பளிக்கலாம். கரியும் செங்கல் தூளும் வேண்டாம். அவை பல்லின் மேற்பூச்சை அராவிவிடும். எலுமிச்சைச் சாறும் அதை அரிக்கும். இரவில் படுக்குமுன் புளோரைடு கலந்த பற்பசையால் மறவாமல் துலக்குவோம்.

வெற்றிலை பாக்கைக் குறைப்பதல்ல, விடுவதே நல்லது. பாக்கு புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2003-இல் அறிவித்தது.

இறுகிய காரையை எந்தக் கைமருந்தும் கரைக்காது. பல் மருத்துவரிடம் சுரண்டி எடுக்க வேண்டும். “சுரண்டினால் பல் ஆடுமே” என்று பாட்டிமார் அஞ்சுவதுண்டு. ஈற்றைக் கெடுத்துப் பல்லை ஆட்டியது காரைதான். அது போனபின் ஈறு தேறும். ஈற்றில் இரத்தம் கண்டால் வயதின் குற்றமென்று இருந்துவிடாமல், அவர்களை அரசாங்கப் பல் மருந்தகத்துக்கு நாமே அழைத்துச் செல்வோம்.