‘பேக்கப்’ இருக்குதா தம்பி?

(பட்டிமன்றத் தலைப்பு: புதிய கருவிகளின் பெயர்கள் மக்களுக்குப் பயன்படுவது தமிழிலா? ஆங்கிலத்திலா? ‘தமிழிலே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

சிரித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லும் நடுவர் அவர்களே! ரூட்டர், ஸ்விட்ச், யூ.பி.எஸ். என்று ஆங்கிலத்தை அருவியாகக் கொட்டிவிட்டு, களைத்துப்போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி அன்பரே! கோட்டைக்குப்பத்திலிருந்தும் ஆண்டிக்குப்பத்திலிருந்தும் நடூர் மாதாகுப்பத்திலிருந்தும் வந்து, இந்தப் பழவேற்காடு ஏரிக்கரை மணலில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

எதிரணி அன்பர் ஒரு கேள்வி கேட்டார். “ரூட்டருக்குத் தமிழில் திசைவி என்று பேர் வைத்திருக்கிறீர்களே, கடையில் போய் ஒரு திசைவி கொடுங்கள் என்று கேட்டால் கிடைக்குமா?” என்றார். ஐயா, நான் கேட்டே பார்த்துவிட்டேன்! கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அது மளிகைக் கடையில கிடைக்கும் சார், மூணாவது கடை” என்றார். (சிரிப்பு)

அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. தப்பு எங்கள் மேல்தான். பேராசிரியர்கள் நாங்கள் சொல்லைக் கண்டுபிடிப்போம், அகராதியில் வைத்துப் பூட்டுவோம், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம். அதனால் தமிழில் பெயர் வேண்டாம் என்று ஆகிவிடுமா? நடந்த கதை ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இந்த ஏரிக்கரைக்காரர். அவருடைய அப்பா வயதான மீனவர். ராத்திரியில் வலைகள் காணாமல் போகின்றன என்று நாலைந்து குடும்பங்கள் பணம் போட்டு, வலைக் கொட்டகையில் கண்காணிப்பு கேமரா வைத்தார்கள். வைக்க வந்த பையனிடம் பெரியவர் விவரமாகக் கேட்டார், “தம்பி, பேக்கப் இருக்குதா?” அந்தப் பையனும் விவரமாகவே பதில் சொன்னான், “இருக்கு பெரியவரே, பதினஞ்சு நாள்!”

பெரியவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பதினைந்து நாள் கரண்ட் இல்லையென்றாலும் கேமரா ஓடும் என்று நினைத்துவிட்டார். பையன் சொன்னது வேறு. எடுத்த படம் பெட்டியில் பதினைந்து நாள் தங்கும், அதற்குப் பிறகு பழைய படத்தை அழித்துவிட்டுப் புதிய படம் ஏறும் என்பது அவன் கணக்கு. மின்சாரக்காரருக்கு பேக்கப் என்றால் பேட்டரி. கேமராக்காரருக்கு பேக்கப் என்றால் பதிவு. ஒரே சொல், இரண்டு பேர், இரண்டு பொருள்!

ஐப்பசி மழையில் ஒருநாள் ராத்திரி கரண்ட் போயிற்று. கூடவே கேமராவும் போயிற்று. காலையில் பார்த்தால் வலையும் போயிற்று. வட்டிக்கு வாங்கிய புது வலை ஐயா! அந்தப் பெரியவர் என்னிடம் கேட்டார், “சார், நான் சரியாத்தானே கேட்டேன்?”

நடுவர் அவர்களே, அவர் சரியாகத்தான் கேட்டார். சொல்தான் தப்பு. “கரண்ட் போனா எத்தனை மணி நேரம் ஓடும்? படம் எத்தனை நாள் தங்கும்?” என்று தமிழில் கேட்டிருந்தால் அந்த வலை இன்றைக்கு ஏரியில் இருக்கும். (கைதட்டல்)

முதல் கேள்விக்கு விடை ஒன்றும் பிரம்ம ரகசியமில்லை. சிறிய யூ.பி.எஸ். பெட்டிகள் பலவற்றில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 84. கேமராக்களும் பதிவுப் பெட்டியும் சேர்ந்து 40 வாட் இழுத்தால் 84-ஐ 40-ஆல் வகுக்க வேண்டும். கணக்குப்படி இரண்டு மணி நேரம், நடைமுறையில் அதற்கும் குறைவு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. ஆங்கிலப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் அது ஒளிந்துகொண்டது.

எதிரணி அன்பர், “ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே பொருள்தான், தெளிவானது” என்று அடித்துச் சொன்னார். அப்படியா? வீட்டில் ஸ்விட்ச் என்றால் விளக்கைப் போடுவது, அணைப்பது. நெட்வொர்க்கில் ஸ்விட்ச் என்றால் பல கருவிகளை இணைக்கிற பெட்டி. அதை யாரும் அணைக்கவே கூடாது! அந்தப் பெட்டியில் இருக்கிற துவாரத்துக்குப் பேர் போர்ட். “போர்ட் போயிடுச்சு” என்று ஒருவர் சொன்னாராம். நம்ம ஊர்க்காரர் பதறிப்போய்க் காட்டுப்பள்ளிப் பக்கம் திரும்பிப் பார்த்தாராம், துறைமுகம் இருக்கிறதா இல்லையா என்று! (பலத்த சிரிப்பு)

சிரித்துவிட்டோம். அடுத்த சொல்லுக்குச் சிரிக்க முடியாது. கேமராத் திரையில் லைவ் என்று இருக்கும். இப்போது நடப்பதைக் காட்டுகிறது என்று பொருள். அந்தக் கேமராவுக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டியிலும் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அதுவும் லைவ்தான். அங்கே 230 வோல்ட் வருகிறது. மறுமுனையில் கேமராவுக்குப் போவது 12 வோல்ட். ஒரே பெட்டிக்கு இரண்டு முனை. ஒன்றைத் தொட்டால் ஒன்றும் ஆகாது, மற்றொன்றைத் தொட்டால் உயிர் போகும். லைவ் என்றால் உயிர் என்று படித்த பிள்ளை, உயிர் போகிற இடத்துக்கு அந்தப் பேரா வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறது! உப்புத் தண்ணீரில் நனைந்த கையில் மின்சாரம் இன்னும் சுலபமாகப் பாயும். இந்த ஊரில் யாருடைய கை காய்ந்திருக்கிறது ஐயா? அந்த முனையில் “தொடாதே, ஆபத்து” என்று தமிழில் எழுதுவது மொழி வெறியா? உயிர்க் காப்பு! (கைதட்டல்)

நான் பிடிவாதக்காரன் இல்லை. வோல்ட், வாட், ஆம்பியர் இருக்கட்டும். வோல்ட்டா இத்தாலிக்காரர், வாட் ஸ்காட்லாந்துக்காரர், ஆம்பியர் பிரெஞ்சுக்காரர். மனிதர்களின் பெயரை மொழிபெயர்க்க முடியாது. பேட்டரியும் கேமராவும் கூட இருக்கட்டும். கடன் வாங்குவதில் நமக்குக் கூச்சமில்லை. இந்த மண்ணுக்குத் தெரியாத கடனா? 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள் போய்விட்டார்கள். அவர்களுடைய கல்லறை இருக்கிறது. அவர்கள் கொடுத்த இரண்டு சொல்லும் இருக்கிறது. ஒன்று துட்டு. இன்னொன்று... தாய்மார்கள் மன்னிக்க வேண்டும்... கக்கூஸ்! (சிரிப்பு)

ஆனால் நாம் வாங்கியது மட்டும்தானா? கொடுக்கவும் செய்தோம். மலேசியாவில் ஆண்கள் கட்டுகிற கைலிக்கு இன்றைக்கும் ‘காயின் பெலிக்காட்’ என்று பேர். பழவேற்காட்டுத் துணி என்று பொருள்! கட்டுமரம் ஆங்கில அகராதிக்குள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. ஆளை மேற்பார்க்கிறவனுக்குக் கண்காணி என்று நம் கல்வெட்டுகளில் பேர். அதுவே தேயிலைத் தோட்டத்தில் கங்காணி ஆகி ஆங்கிலத்துக்கும் போயிற்று. அந்தக் கண்காணியைத்தான் இன்று இரும்புக் கம்பத்தில் ஏற்றி, கண்காணிப்பு கேமரா என்கிறோம். மூடிய சுற்றுத் தொலைக்காட்சி என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தார்கள், ஒருவரும் சீண்டவில்லை. கண்காணிப்பு என்றதும் ஊரே ஏற்றுக்கொண்டது. ஏன்? முன்னது ஆங்கிலச் சொல்லைப் பார்த்து வைத்த பேர். பின்னது செய்கிற வேலையைப் பார்த்து வைத்த பேர்.

இந்தக் கருவி பிறந்த கதையும் உங்களுக்கு அந்நியமில்லை. 1942-இல் ஜெர்மனியில் ராக்கெட் கிளம்புவதைப் பத்திரமான தூரத்திலிருந்து பார்க்கத்தான் இதைப் பயன்படுத்தினார்கள். நீங்களோ ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டைக் கேமரா இல்லாமலே வாசலில் நின்று பார்க்கிறவர்கள்!

“நெட்வொர்க்கை இந்த மக்களுக்குத் தமிழில் எப்படிப் புரியவைப்பீர்கள்?” என்று அடுத்த அம்பு விட்டார். யாரிடம் கேட்கிற கேள்வி இது? வலை என்றால் என்ன என்று பழவேற்காட்டில் பாடம் நடத்துவதா? இங்கே தலைமுறை தலைமுறையாகப் பாடு முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறீர்கள். ஒருவர் வலைக்குள் இன்னொருவர் வந்து மோதுவதில்லை. ஸ்விட்ச் என்கிற அந்தப் பெட்டியும், வருகிற செய்திகளை ஒன்றோடொன்று மோதவிடாமல், உரியதை உரியவருக்கு அனுப்புகிறது. “இது பாடு பிரிக்கிற பெட்டி” என்று சொல்லிப் பாருங்கள், பாட்டிக்கும் புரியும்! (கைதட்டல்)

துறைமுகத்தில் கம்பத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக்கு நாம் என்ன பேர் வைத்தோம்? கூண்டு. ஒன்றாம் எண் கூண்டு, மூன்றாம் எண் கூண்டு. கண்ணால் கண்டதை வைத்துச் சொன்ன பேர். கடலுக்குப் போகிறவர் அதற்கு அகராதியைப் புரட்டுவதில்லை. அமெரிக்காவிலிருந்து 1847-இல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் கிரீன், மானிப்பாயில் மருத்துவத்தையே தமிழில் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு முடிந்தது, பேட்டரிப் பெட்டிக்கு நாலு வரி எழுத நமக்கு முடியாதா?

கடைசியாக ஒன்று. 2004 டிசம்பர் 26. அந்தத் தேதியை இந்தக் கரையில் நான் விளக்க வேண்டியதில்லை. புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு என்று ஒரு மீனவக் கிராமம். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம் இருந்தது, அதில் ஒலிபெருக்கி இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப் பிள்ளை செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். ஊர்க்காரர்கள் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடும் படகும் சேதமாயின. ஊர் மக்கள் தப்பித்தார்கள்.

தொலைபேசி இணைப்பு வேண்டும், மின்சாரம் வேண்டும், ஒலிபெருக்கி வேண்டும். எதிரணி அன்பரே, எல்லாம் உங்கள் கருவிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கருவியின் கடைசி முனையிலிருந்து மனிதனின் காதுக்குப் போனது தமிழ். அந்த நேரத்தில் புரியாத ஒரு சொல் வந்திருந்தால், அதற்குப் பொருள் கேட்க அலை காத்திருக்குமா? (நீண்ட கைதட்டல்)

அந்தப் பெரியவரின் வலைக் கொட்டகைக்கு மறுபடி போயிருந்தேன். சுவரில் நானும் அவருமாகச் சேர்ந்து நாலு வரி எழுதினோம். கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் ஓடும்? படம் எத்தனை நாள் தங்கும்? எந்த முனையைத் தொடக்கூடாது? பழுதானால் யாரைக் கூப்பிட வேண்டும்? கேமரா வைத்த பையனே வந்து நாலுக்கும் விடை எழுதிவிட்டுப் போனான். அவனும் தமிழ்ப் பிள்ளைதானே, தமிழில் கேட்டதும் தமிழில் சொன்னான். “இதை முதல்லயே கேட்டிருக்கலாமே பெரியவரே” என்றான். “நீ முதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாமே தம்பி” என்றார் அவர்.

நடுவர் அவர்களே, அந்தப் பெரியவர் அங்கே மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். தீர்ப்பை அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லுங்கள், நாங்கள் வென்றதாகிவிடும் என்று கூறி விடைபெறுகிறேன்.