குறியீடு மீன் சுடுமா?

சாந்தோம் பங்கு மக்களே, தாய்மார்களே, நொச்சிக்குப்பத்திலிருந்து வலையைப் போட்டது போட்டபடி விட்டு வந்திருக்கும் தம்பிமார்களே!

தவக்காலத்தைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் அழைத்தார்கள். இன்று அது என் வாயில் வராது. மூன்று வாரத்துக்கு முன் ஓர் அடக்கத்துக்குப் போயிருந்தேன். பத்தொன்பது வயசுப் பையன். பெட்டி குழிக்குள் இறங்குகிறது. தாய் மண்மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கே பேச வந்தவர் ஊர் ஊராய்க் கருத்தரங்கு நடத்துகிறவர். அவர் சொல்கிறார்: "அழாதீங்கம்மா, மகன் உங்க நினைவிலே வாழ்கிறான். இயேசுவின் உயிர்ப்பு என்பது அதற்கு ஒரு குறியீடு."

குறியீடாம்! அந்தத் தாய் தலை நிமிர்ந்து கேட்டாள்: "அப்போ எம்புள்ளைய நான் திரும்பப் பாக்கவே மாட்டேனா ஐயா?" பதில் இல்லை. புத்தகத்தை மூடிக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

நினைவாம் நினைவு! எனக்கு எழுபத்தொன்று. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பதே மறக்கிறது. என் நினைவு போகும் அன்றைக்கு என் அப்பா இரண்டாம் தடவை சாக வேண்டுமா? நவம்பர் 2ஆம் தேதி குயிபிள் ஐலண்டில் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி போட்டு, மெழுகுதிரி ஏற்றுகிறோமே, குறியீட்டுக்கா?

"இயேசு நல்லவர், நல்லது போதித்தார், போதாதா?" இவ்வளவுதான் இந்தக் கருத்தரங்குக்காரர்கள் வாதம். போதனை மட்டும்தான் சரக்கென்றால் இயேசுவின் சீடர் தோமையார் மயிலாப்பூருக்கு ஏன் வர வேண்டும்? வள்ளுவர் பிறந்ததாகச் சொல்லும் ஊர் இது. முண்டகக்கண்ணியம்மன் கோயில் பக்கத்தில் அவருக்குக் கோயிலே இருக்கிறது. 1330 குறளில் இல்லாத அறமா? தோமையார் கொண்டு வந்தது அறநூல் அல்ல, ஒரு சேதி: செத்தவர் எழுந்தார், நான் பார்த்தேன்!

இன்னொன்று. பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று காலையில் கபாலீசுவரர் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். சம்பந்தர் பாட, குடத்துச் சாம்பலிலிருந்து பூம்பாவை எழுந்ததை நம் அண்டை வீட்டார் ஊர் கூடிக் கொண்டாடுகிறார்கள். அவர்களுக்கு வராத கூச்சம் நம் பண்டிதர்களுக்கு எங்கிருந்து வந்தது? பவுலடியார் கூசினாரா? கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், 15ஆம் அதிகாரம். கிறிஸ்து எழவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் வெற்று, உங்கள் நம்பிக்கையும் வெற்று என்று அத்தனையையும் அந்த ஒன்றின்மேல் வைத்தார். குறியீட்டின்மேல் எவனும் இப்படிப் பணயம் வைக்கமாட்டான்.

"சீடர்கள் கட்டிய கதை" என்பார்கள். கதை கட்டுகிறவன், பெண்களின் சாட்சியத்துக்குப் பெரிய மதிப்பில்லாத அந்தக் காலத்தில், மகதலா மரியாளையா முதல் சாட்சியாக நிறுத்துவான்?

நம் தோமையாருக்கு வருகிறேன். "சந்தேகத் தோமா" என்கிறார்கள். எனக்கு ரத்தம் கொதிக்கிறது! அவர் சந்தேகப்பட்டது எட்டு நாள், அதற்கு இரண்டாயிரம் வருஷப் பட்டப்பெயரா? காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர் நம்பிவிட்டார். நம்பிய பிறகு என்ன செய்தார்? கி.பி. 52இல் கேரளக் கரையில் இறங்கினார், சின்னமலைக் குகையில் ஒளிந்தார், 72இல் பரங்கிமலையில் ஈட்டிக்குத்துப் பட்டார். நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்தது இது. அந்த உடலைப் புதைத்த இடத்தின்மேல்தான் இந்தப் பேராலயம் நிற்கிறது. குறியீட்டுக்காகக் கடல் தாண்டி வந்து எவனாவது ஈட்டியை வாங்குவானா?

தம்பிமார்களே, இது உங்களுக்கு. யோவான் நற்செய்தி, கடைசி அதிகாரம். ராத்திரி முழுக்கச் சீடர்கள் வலை வீசியும் ஒரு மீன் இல்லை. அந்த வயிற்றெரிச்சல் உங்களுக்குத் தெரியும். விடியற்காலை கரையில் நின்ற உயிர்த்த இயேசு வலப்பக்கம் போடச் சொல்கிறார். போட்டார்கள், 153 பெரிய மீன்! கரையேறினால் கரி நெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் ரொட்டி. சாப்பிட வாருங்கள் என்கிறார். நம் தோமையாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார், பெயர் போட்டே எழுதியிருக்கிறது. சொல்லுங்கள், குறியீடு அடுப்பு மூட்டுமா? குறியீடு மீன் சுடுமா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனுக்கு முப்பதாம் நாள் பூசை. காலை ஆறரை மணி. அந்தத் தாய்க்கு வேறு பிள்ளை இல்லை. முன்வரிசையில் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார ஆள் வேண்டும். அவள் கேட்ட கேள்விக்கு, "பார்ப்பாய் அம்மா" என்று நான் சொல்லப் போகிறேன். நீங்களும் வந்து சொல்லுங்கள்.